பளபளப்பில்லாத இரட்டைகள்

மிட்டாய்த் தொழிற்சாலையின் கடைசி அறையில் நாள் முழுக்க மழை பெய்துகொண்டிருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும், அந்த அறைக்குள் நுழைந்தால் ஓட்டின் மேல் மழை விழுவது போலவே கேட்கும். சாய்ந்து நிற்கும் பெரிய செம்பு டிரம்முக்குள் பாதாம் மிட்டாய்கள் ஏறுவதும் சரிவதுமாகச் சுற்றுகிற சத்தம் அது. அந்த மழைக்குப் பக்கத்தில், ஒரு கையை டிரம்முக்குள் விட்டுக்கொண்டு கண்களைப் பாதி மூடி நிற்பவளைத்தான் எல்லோரும் பாலிஷக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவரான மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் நின்றபடியே தூங்குகிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. கண்தான் தூங்கும், உள்ளங்கை விழித்திருக்கும். பாதாமின் மேல் சர்க்கரைப்பாகை ஒரு கரண்டி ஊற்றினால் எல்லாம் நனைந்து ஒன்றையொன்று தேடும். ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்த நேரத்தில் கை உள்ளே போய்த் துழாவி, பிரித்து, காற்றுக்குக் காட்டி உலர்த்த வேண்டும். உலர்ந்ததும் அடுத்த கரண்டி. இப்படி ஏடு ஏடாகச் சர்க்கரை ஏறி, பாதாம் ஒரு வெள்ளைக் கூழாங்கல் ஆகிவிடும். பிறகு அதைப் பக்கத்திலிருக்கும் பாலிஷ் டிரம்முக்கு மாற்றி மெருகேற்றுவாள். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மின்னும். பேருந்து கடைசியாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. ஆனால் கண்ணை மூடி அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், முழங்காலளவு தண்ணீர் ஓடும் ஏதோ ஓர் ஆற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். தேநீர் மணி அடித்தால்தான் கரையேறுவாள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில மிட்டாய்கள் ஒட்டிப்போய்விடும். அவற்றுக்கு இரட்டை என்று பெயர். இரட்டையை டப்பாவில் போட்டு விற்க முடியாது. அதனால் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி இரட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். பாலிஷக்கா தன்னுடைய பங்கை மேல்கோட்டின் வலது பையில் போட்டுக்கொள்வாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் ஓடி வந்து, "அம்மா" என்றுகூடச் சொல்லாமல் நேராகப் பைக்குள் கையை விடுவாள். நடக்கப் பழகிய நாளில் தொடங்கிய பழக்கம் அது. கல்லூரிக்குப் போனபோதும், விலங்கு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. கை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிறகு ஒருநாள் மகள் வீகன் ஆனாள். மருத்துவமனையில் என்ன பார்த்தாளோ, வீட்டில் வந்து பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பால், தயிர், முட்டை, தேன் எதுவும் வேண்டாம், எந்த உயிரிடமிருந்தும் எடுத்தது எனக்கு வேண்டாம் என்றாள். லாரி ஓட்டுகிற அப்பா அன்றைக்குத் தப்பித்தவறி வீட்டில் இருந்தார்.

"அப்ப தினமும் புல்லுதானா?"

"நீங்க சிரிங்கப்பா. மாட்டுக்கு என்னைத் தெரியும்."

"மாட்டுக்கு என்னையும்தான் தெரியும். எத்தனை தடவை நடுரோட்டுல நின்னு வழிவிடாம முறைச்சிருக்கு!"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்னே மகளின் கை பழக்கத்தில் கோட்டுப் பைக்குள் போய் ஓர் இரட்டையை எடுத்தது. வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"அம்மா, இந்தப் பளபளப்பு எதுல வருது?"

தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் பாலிஷக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். "முதல்ல தேன்மெழுகு போடுவோம் கண்ணு. அதுக்கு மேல அரக்கு. அரக்குன்னா, மரக்கிளையில ஒரு சின்னப் பூச்சி கூடு மாதிரிக் கட்டும் பாரு, அதைச் சுரண்டி எடுத்து..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் அந்த இரட்டையை மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தாள். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு பாலிஷக்கா தன் பங்கை எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். பையில் சாவியும் கைக்குட்டையும் மட்டும் கிடந்தன.

இப்போது மகளுக்குக் கடல் தாண்டி ஒரு பெரிய விலங்கு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். திரும்பி வர வருடங்கள் ஆகலாம். அவள் போவதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. தான் கண்ணை மூடிப் பார்த்த ஆறுகளை அவள் கண்ணைத் திறந்து பார்க்கப் போகிறாள். ஒரே ஓர் ஆசைதான். கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கை இந்தப் பைக்குள் வர வேண்டும்.

முதலில் கடைகளில் தேடினார்கள். பயணத்துக்குச் சாமான் வாங்கப் போன சாக்கில் மிட்டாய் வரிசைக்குள் நுழைந்து, அம்மா ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து நீட்ட, மகள் பின்பக்கத்தைப் படித்துத் திருப்பி வைத்தாள். ஜெல்லி மிட்டாய்? எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். கிரீம் பிஸ்கட்? பால்பவுடர். சிவப்பு உருண்டை? அந்தச் சிவப்பே ஒரு பூச்சி. பாலிஷக்கா பொறுமை இழந்து கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பால் இல்லாம, முட்டை இல்லாம, தேன், ஜெலட்டின், பூச்சி எதுவும் இல்லாம ஒரு மிட்டாய் இருந்தா குடேன்."

கடைக்காரர் யோசித்தார். "ஒண்ணு இருக்கும்மா."

"என்னது?"

"காலி டப்பா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவரே ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. மருந்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. உண்மையில் அந்தச் சாக்லேட்டில் குறை ஒன்றுமில்லை. வேறு யாரோ ஒருத்தியின் கை செய்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள். பனை மாதிரி ஒரு மரம் இருக்கிறது, அதன் ஓலையில் மெழுகு படியும். அதன் மாதிரிப் பொட்டலம் ஒன்று யாரோ அனுப்பி, சரக்கறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் கேட்டாள். வேலை முடிந்த பிறகு ஒரு சின்ன ஈடு போட்டுக்கொள்ளவும் அனுமதி கேட்டாள்.

"போட்டுக்க. மின்னலைன்னா என் தலையை உருட்டக் கூடாது" என்றார் மேஸ்திரி.

வெள்ளிக்கிழமை மாலை மற்றவர்கள் போன பிறகு பாகுக்காரர் அவளுக்காகத் தனியாகப் பாகு காய்ச்சிக் கொடுத்தார். சர்க்கரை, தண்ணீர், மரப்பிசின் தவிர வேறொன்றும் சேர்க்கவில்லை. பாதாம் நனைந்தது, உலர்ந்தது, வெளுத்தது. பாலிஷ் டிரம்மில் போட்டு ஓலை மெழுகைத் தூவினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விடியற்காலையில் ஜன்னல் வெளுக்கிற மாதிரி மிட்டாய்களின் மேல் வெளிச்சம் ஊறி வந்தது.

"யம்மாடி! இதுல பார்த்துத் தலை சீவிக்கலாம் போலிருக்கே" என்றார் பாகுக்காரர்.

"உங்களுக்கு எதுக்குண்ணே? சீவறதுக்கு அங்க என்ன மிச்சமிருக்கு?"

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே விளக்கை அணைத்தார். பாலிஷக்கா வலது பையை நிரப்பிக்கொண்டு நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் பைக்குள் கையை விட்டபடி நின்றாள். சாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. உள்ளங்கைச் சூட்டில் மிட்டாய்கள் வெதுவெதுப்பாகக் கிடந்தன. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை வெளியே எடுத்தாள். விரல்கள் மூக்கைக் கடந்தபோது இதமாக ஒரு வாசனை வந்தது.

தேன்.

ஓலை மெழுகுக்கு அந்த வாசனை கிடையாது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சர்க்கரை டிரம்மைத் தினமும் வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். பாலிஷ் டிரம்மில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. அந்த அறையின் சட்டமே அதுதான். காலம் காலமாகப் படிந்த தேன்மெழுகும் அரக்கும் அதன் உள்சுவரில் தடித்த தோலாக ஒட்டியிருக்கும். அந்தத் தோல்தான் மிட்டாய்களைத் தேய்த்துத் தேய்த்து மின்ன வைக்கும். அதை வளர்த்தவளே அவள்தான். புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் துணியை நனைத்துக்கொண்டு போனால் கையைப் பிடித்து நிறுத்துகிறவளும் அவள்தான். கை பழகிய வழியில் தானாகப் போய் மிட்டாயை அதில் கொட்டியிருக்கிறது.

பேருந்து வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் மெதுவாகப் பின்னால் ஒழுகிப் போயிற்று. யாருக்குத் தெரியும் இது? மகளுக்குத் தெரியாது. அந்த வாசனையை அம்மாவின் வாசனை என்றுதான் அவள் நினைப்பாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நினைத்திருக்கிறாள். சொல்லாவிட்டால் அந்தக் கை பைக்குள் வரும். சொன்னால் வராது.

கதவைத் திறந்ததுமே மகள் வந்துவிட்டாள். விஷயத்தைப் பாகுக்காரர் போன் செய்து உளறியிருந்தார். "ஓலை மெழுகாமே! எங்கே?" என்று நேராகப் பைப்பக்கம் கையை நீட்டினாள். விரல் நுனி பையின் வாயைத் தொட்டது. அம்மா பையை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாண்டி. தப்பு பண்ணிட்டேன்."

டிரம்மைப் பற்றிச் சொன்னாள். மகள் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சூண்டுதானேம்மா ஒட்டியிருக்கும். நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். அப்புறம் நீ திங்கறதை நான் எந்த முகத்தோட பார்ப்பேன்?"

மகள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். கொஞ்சம் கழித்து, "பளபளப்பே இல்லாமக் குடுத்தா என்னம்மா?" என்றாள்.

"மூஞ்சி கழுவாத பிள்ளையை யாராவது ஊருக்கு அனுப்புவாங்களா? என் டிரம்மை விட்டு ஒரு மிட்டாய் அப்படிப் போனதில்ல. போடி."

அந்த ஈடு முழுவதையும் அப்பா தின்று தீர்த்தார். பூச்சிக்கும் தனக்கும் எந்தத் தகராறும் இல்லை என்றார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லோரும் போன பிறகு பாலிஷக்கா வெந்நீர் விட்டுச் சர்க்கரை டிரம்மை இரண்டு தடவை கழுவினாள். பாகுக்காரர் கேள்வி கேட்காமல் பாகை நீட்டினார். மழை தொடங்கியது. கண்களை மூடினாள். ஆறு வந்தது. தண்ணீருக்குள் கிடக்கிறவரை மின்னுகிற கல், கரைக்கு வந்து காய்ந்ததும் மங்கிவிடும். ஆனாலும் அதைத்தான் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்கிறோம். கண்ணைத் திறந்தபோது மிட்டாய்கள் வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மங்கிக் கிடந்தன. வழக்கமாக இந்த இடத்தில் பாலிஷ் டிரம்முக்கு மாற்றுவாள்.

மாற்றவில்லை. இன்னொரு கரண்டி பாகை ஊற்றினாள். எல்லாம் நனைந்து ஒன்றையொன்று தேடத் தொடங்கிய அந்த நொடியில், துழாவ வேண்டிய கையை வெளியே எடுத்து, டிரம்மை நிறுத்தினாள்.

மழை நின்றது. பாகுக்காரர் பதறிப்போனார். "என்ன பாலிஷக்கா இது, ஒட்டிக்கப் போகுது!"

"ஒட்டட்டும்ணே."

மொத்தமாக ஒட்டிப் பாறையாகிவிடுவதற்குள் எப்போது மறுபடி சுற்றவிட வேண்டும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. இரட்டை விழாமல் பார்த்துக்கொண்ட கை, அன்றைக்கு இரட்டை இரட்டையாகப் பிரித்து எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில், விமான நிலையத்துக்குப் போகிற பேருந்தில் அப்பா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வெயிலிலும் அம்மா தொழிற்சாலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மகள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வலது பைக்குள் கையை விட்டாள்.

விரல்கள் உள்ளே தேடின. ஒன்றை விட்டு ஒன்றைத் தொட்டன.

"எல்லாமே இரட்டையாம்மா?"

"டிரம்முக்கு நேத்து உடம்பு சரியில்ல."

"பொய்யி."

மகள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துளி மினுக்கம் இல்லை. வாசனையும் இல்லை. பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை அம்மாவின் வாயில் போட்டாள். வழுக்குகிற தோல் இல்லாததால் சர்க்கரை நேராக நாக்கில் பட்டு மணல் மாதிரி உதிர்ந்தது. இத்தனை காலம் செய்தும், மெருகேற்றும் முன் இது எப்படி இருக்கும் என்று பாலிஷக்கா ஒருநாளும் தின்று பார்த்ததில்லை.

"கொஞ்சம் அழுக்காத்தான் இருக்கு, இல்ல?" என்றாள் கூச்சத்துடன்.

"பேசாம இரும்மா. மென்னுட்டிருக்கேன்."

பையிலிருந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் கொட்டி மடியில் வைத்துக்கொண்டு மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து உறுமி, குலுங்கி, நகர்ந்தது. குலுங்கலில் டப்பாவுக்குள் மிட்டாய்கள் சரிந்து ஏறி மறுபடி சரிந்தன. ஜன்னல் தன்னைக் கடந்து போகிற வரைக்கும் அந்த மழைச் சத்தத்தைப் பாலிஷக்கா கேட்டாள். கண்களை மட்டும் இந்தத் தடவை அவள் மூடவில்லை.