செபமாலை நேரத்தில் வந்த அழைப்பு

பாயில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த போன் ஒரே ஒரு முறைதான் சத்தமாக அடித்தது. செபமாலை பாதியைத் தாண்டியிருந்தது. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த நைனா கண்ணைத் திறக்கவில்லை. இடது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, "இருக்கட்டும்மா, சாமி மொதல்ல" என்றார். திரையில் அண்ணன் பெயர் தெரிந்தது. நான் சத்தத்தை அணைத்துவிட்டு அம்மாவோடு சேர்ந்து அடுத்த அருள் நிறைந்த மரியேயைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சாமி மொதல்ல" என்பது நைனா வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சியில் கோட்டைக்குப் போகும் வழியில் அவர் தையல் கடை வைத்திருந்தார். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் நெற்றியில் சிலுவை போடாமல் ஊசியைத் துணியில் இறக்க மாட்டார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, ஊரே துணியும் கையுமாக அலையும்போதும் எங்கள் கடை மட்டும் பூட்டியிருக்கும். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, "ஒரு நாளு தொறந்தா உங்க சாமிக்கு இன்னா கொறைஞ்சிடும்?" என்று கத்தினார். "ஆறு நாளு உங்களுக்குத்தானய்யா தைக்கிறேன்" என்று நைனா சிரித்துக்கொண்டே பூசைக்குக் கிளம்பிவிட்டார். என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்றும் பூசை முடிந்த பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். இருபது நிமிடம் தாமதம். நான் தேறியதும் எல்லாம் ஆண்டவர் செயல் என்றார். கண் எரிய எரிய நான் படித்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அவர் வேஷம் போடுகிறவர் இல்லை. காய்ச்சலில் நடுங்கும்போதும் முழந்தாளிட்டவர்தான்.

அண்ணன் இதற்கெல்லாம் நேர் எதிர். திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு தினமும் பைக்கில் போய் வந்தான். செபமாலை ஏழரைக்கு ஆரம்பிக்கும். மன்றாட்டு மாலையும் சேர்ந்து முடிய எட்டேகால் ஆகிவிடும். அவன் எட்டரைக்குச் சரியாக வந்து நிற்பான். "அடடா, முடிஞ்சிடுச்சா? இன்னிக்கும் விட்டுட்டனே" என்று தலையில் அடித்துக்கொள்வான். அம்மா வாயைப் பொத்திச் சிரிப்பாள். சில நாள் சீக்கிரம் கிளம்பிவிட்டால், முடிந்ததா என்று தெரிந்துகொள்ள வழியிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நான் திரும்ப அழைத்தால் முடிந்தது என்று அர்த்தம். அழைக்காவிட்டால் எங்காவது டீ குடித்துவிட்டு வருவான். இது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

அதனால்தான் அன்று அவன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு முழங்கால் மரத்துப் போயிருக்கிறது, இவன் துரை மாதிரி டீக்கடையில் நின்று விசாரிக்கிறான் என்று நினைத்தேன். போனில் இன்னொரு முறை வெளிச்சம் வந்தது. பிறகு இன்னொரு முறை. மிஸ்டு கால் கொடுக்கிறவன் இவ்வளவு நேரம் அடிக்கவிட மாட்டான் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். நைனாவும் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, சிலுவை போட்டு எழுந்த பிறகு திரும்ப அழைத்தேன். எடுத்தது வேறு யாரோ.

"இந்தப் பையன் உனக்கு இன்னா வேணும்மா?" என்று கேட்டார்.

ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்துச் செடியில் பைக் சறுக்கி, ஓரப் பள்ளத்தில் விழுந்திருக்கிறான். மாட்டை ஓட்டிக்கொண்டு போன அந்த மனிதர் பார்க்கும்வரை, போனைக் கையில் பிடித்தபடி இருபது நிமிடத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கிறான். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஏழரைக்கு நைனா பாயை விரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பாயில் முழந்தாளிடவே இல்லை. நைனா அவளைக் கூப்பிடவும் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடம் வரும்போதெல்லாம் அவர் செபமாலை மணியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

ஒரு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவர் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தார். தைக்கவில்லை. நான் பக்கத்தில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சாமியாரு அது பாவமே இல்லன்னுட்டாரும்மா" என்றார். "செபம் பண்ணது எப்பிடிப் பாவமாவும்னு கேக்குறாரு. நாலு தபா போயிட்டேன். நாலு தபாவும் அதேதான் சொல்றாரு. பாவம்னு சொன்னார்னா மன்னிப்பு வாங்கிக்குவேன். பாவமே இல்லன்னா நான் இன்னாத்தக் கேக்குறது?"

நான் நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தேன்.

"கூப்புட்டது அவன்தான்னு தெரிஞ்சிருந்தா எழுந்திருப்பேன். சாமி மேல ஆணையா எழுந்திருப்பேன்" என்றார். ஆணையிடுவது பாவம் என்று எங்களை அடித்தவர் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீயும் போனைப் பாக்கலல்ல?" என்று கேட்டார்.

"இல்ல நைனா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, துணியை மடித்து வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். என் பேச்சில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். கடைசி நாளில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்த சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார். சாமியார், "அது பாவமில்லைப்பா, நிம்மதியா இரு" என்றார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறேன். போன தவக்காலத்தில், என்னைத் தெரியாத ஒரு கோயிலில், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைப் பார்த்தது, கவிழ்த்து வைத்தது, நைனாவிடம் பொய் சொன்னது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆமாம் பாவம்தான் என்றார். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து கடைசிப் பெஞ்சில் முழந்தாளிட்டுச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நைனா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது.