பெருமாளுக்கு வந்த இன்டர்வியூ

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்றால் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது என்று நினைத்துத்தான் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே கடை போட்டேன். வேலை தேடுகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பல்லைக் கடிப்பதுதான் இந்தத் தொழில் என்று அப்புறம்தான் தெரிந்தது. நீங்களும் வேலை தேடி ஸ்கிரீனை முறைத்துப் பார்த்தவர்தானே? அப்ப நம்ம ஆள்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சுகந்தி கதையைச் சொல்கிறேன்.

ஒரே அமுக்கு

சுகந்திக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. வருகிற சாமானை எண்ணி அடுக்கி, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். திடீரென்று கம்பெனியையே ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார்கள். கூடவே போகலாம், இல்லையென்றால் வேலையை விடலாம். வீட்டில் முட்டி வலியோடு அப்பா. அவர் சேலையூரை விட்டு நகர மாட்டார், அவரை விட்டு இவள் நகர மாட்டாள். ஆக, மிஷினெல்லாம் லாரி ஏறுவதற்குள் இங்கேயே ஒரு வேலை பிடித்தாக வேண்டும்.

கூட வேலை பார்க்கிற யாரோ சொல்லி, பிரவுசரில் ஆட்டோஃபில் என்று ஒன்றைப் பழகிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். பேர், படிப்பு, போன் நம்பர் எல்லாம் ஒரு தடவை போட்டு வைத்தால் போதும். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி பக்கத்தைத் திறந்தாலும் ஒரே அமுக்கு, தானே நிரப்பிக்கொள்ளும். நாம் கஷ்டப்பட்டு ஒவ்வொரு இடமாகச் செய்கிற தப்பை அது கண்ணிமைக்கிற நேரத்தில் ஊர் பூராவும் செய்து தரும். எவ்வளவு வசதி! ஃபர்ஸ்ட் நேம் என்று கேட்ட இடத்தில் அப்பா பேரான பெருமாளையும், லாஸ்ட் நேம் என்ற இடத்தில் சுகந்தியையும் போட்டாள். அவள் சொன்ன நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது: "பி.சுகந்தின்னு எழுதறப்ப எது முதல்ல வருதுக்கா? இனிஷியல்தானே? அப்ப அதான் ஃபர்ஸ்ட் நேம்!"

தடவ வேண்டிய வேலை

இங்கிலீஷ் விளம்பரத்தைத் தமிழாக்கித் தருகிற பட்டனும் பிரவுசரில் இருக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ, நம் கஷ்டத்தைப் பார்த்து மனசு இளகிக் கண்டுபிடித்திருக்கிறான். கடப்பேரி சலீம் பாய் டிரைவர் வேலை தேடி வந்தபோது அவருக்காக அதை அமுக்கினேன். சம்பளம் 'அழகானது' என்றது. இன்டர்வியூவுக்கு 'உள்ளே நடக்கவும்' என்றது. 'அப்ளை' என்ற வார்த்தையை எங்கே படித்ததோ, 'அனுபவமுள்ள ஓட்டுநர்கள் உடனே தடவவும்' என்று முடித்தது.

பக்கத்து சிஸ்டத்தில் இருந்த சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பெனி சேதி தெரிந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சலீம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "தடவறதுக்கு நான் இன்னா டிரைவரா, தைலமாக்கா?" என்றார்.

மரியாதை தெரிந்த மிஷின்

அடுத்தது அலர்ட். நமக்கேற்ற வேலை வந்தால் டிங் என்று ஓசை கொடுத்துக் கூப்பிடும். சுகந்தி கேட்டது தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோர்ஸ் வேலை. அது கூப்பிட்டது துபாய்க்கு. அப்புறம் அசாமுக்கு, சமையல் வேலைக்கு. ஒரு நாள் ஓசூருக்கே கூப்பிட்டது, அவள் விடப் பார்க்கிற அதே கம்பெனிக்கு!

ஒவ்வொரு அழைப்பும் 'அன்புள்ள பெருமாள்' என்றுதான் ஆரம்பிக்கும். ஏதோ இடிக்கிறதே என்று அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்கலாம். சுகந்தி நெகிழ்ந்து போனாள்: "பொம்பளைய பேர் சொல்லிக் கூப்பிடாம அப்பா பேர் சொல்லிக் கூப்பிடறான் பாருங்கக்கா, மரியாதை தெரிஞ்சவன்."

பெருமாள் பேசுகிறேன்

ஒருவழியாக வண்டலூர் தாண்டி ஒரு குடோனிலிருந்து போன் வந்தது. அவள் கேட்ட அதே வேலை. சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். அப்பா எடுத்தார். "பெருமாள்தானே பேசறது?" என்று ஒரு பெண் கேட்டாள். பெருமாள்தானே எடுத்திருக்கிறார், ஆமாம் என்றார். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கேட்டாள். நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை, வீட்டு வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது என்றார். ஷிஃப்ட் பார்ப்பீர்களா என்றதற்கு, மாடி ஏறினாலே முட்டி பிடித்துக்கொள்கிறது, வேலையெல்லாம் வேண்டாம்மா என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சுகந்தி தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருப்பி போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. அப்பாவையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். அந்தக் குடோன்காரர்கள் பக்கத்தைத் திறந்தோம். 'பெருமாள்: விருப்பமில்லை' என்று இருந்தது. மறுபடி மனுப் போடவும் விடவில்லை. உதவிக்கென்று வைத்திருந்த ரோபோவிடம் எழுதிக் கேட்டால், 'உங்கள் முடிவை மதிக்கிறோம், பெருமாள்' என்றது. ஓசூருக்கு லாரி பேசியாகிவிட்டது என்று அன்றைக்குக் காலையில்தான் கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். சுகந்தி கீபோர்டு மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என்ன நடந்தது என்றே புரியாமல் அப்பா என்னிடம் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா, பதமாப் பேசுச்சு. இந்த வயசுல என்னைப் போய் வேலைக்குக் கூப்பிடுதேன்னு சங்கடமாகீது, வேணாம்னுட்டேன்."

நேரிலே தரிசனம்

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறிக் குடோனுக்கே போனார்கள். போனில் பேசிய பெண்ணே எதிரில் உட்கார்ந்திருந்தாள். "சிஸ்டத்துல பெருமாள் வேண்டாம்னுட்டார்னு இருக்கே" என்று கையை விரித்தாளாம். பெருமாளே வேண்டாம் என்ற பிறகு யார் என்ன செய்ய? அப்பா தன் ஆதார் கார்டை மேஜையில் வைத்து, "அந்தப் பெருமாள் நான்தாம்மா. வேலை கேட்டது இது" என்று மகளை முன்னால் தள்ளிவிட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் சுகந்தியை உள்ளே கூட்டிப்போய், இறங்கிக்கொண்டிருந்த சரக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. சாயங்காலமே, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

லாரி ஓசூருக்குப் போனது, சுகந்தி போகவில்லை. வேலையில் சேர சர்டிஃபிகேட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். வாழ்த்துச் சொன்னேன். பெரியவர் முட்டியைத் தடவிக்கொண்டே, பெருந்தன்மையாகச் சொன்னார்: "மொதல்ல அவங்க கூப்பிட்டது என்னைத்தாம்மா. பாவம், பொண்ணாச்சேன்னு விட்டுக் குடுத்துட்டேன்."

வேலை கேட்டு யாரும் நேரில் போய் நிற்கக் கூடாது என்றுதான் இத்தனை கருவியும் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதையும் மீறி நேரில் போனால் கிடைத்துத் தொலைக்கிறது என்று மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள், நான் கடை நடத்தியாக வேண்டும்.