பதினான்கு சொற்கள்

உத்தமபாளையம் காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் ஏலம் கூறியவர் அப்துல் வாஹித். மைக் கிடையாது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி நின்றால், வெளியே டீக்கடையில் இருப்பவருக்கும் விலை கேட்டுவிடும். வீட்டிலும் அதே குரல்தான். "மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுப் பிள்ள முழிச்சுக்கிரும்" என்று மனைவி சல்மா சொல்லாத நாள் குறைவு.

போன வருஷம் இருவரும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதாக இருந்தது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கிளம்ப இருபது நாள் இருக்கையில், ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன் நின்றார் வாஹித். சல்மா என்னவென்று கேட்டதற்கு வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

பக்கவாதம். மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கால் மெல்லத் தேறியது. வலது கை தேறவில்லை. பேச்சும் திரும்பவில்லை. மற்றவர் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அதுதான் பெரிய கொடுமை.

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெபஷீலா, சல்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "மொத்தமும் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தய எடுத்து வைங்க. வந்தது லாபம்."

"இடது கையால எழுதிக் காட்டச் சொல்லலாமா?"

"எழுத்தும் அதே மூளையில இருந்துதானம்மா வரணும்."

தினமும் காலைத் தொழுகை முடிந்ததும் சல்மா அவர் எதிரே உட்கார்ந்துகொள்வார். "என் வாயப் பாருங்க. தண்ணி." வாஹித்துக்கு 'ணி' மட்டும் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது நாள் ஆனது. பிறகு மோர். பிறகு போதும். இரண்டு மாதத்தில் பதினொரு சொற்கள் சேர்ந்தன. அப்புறம் ஒரு நாள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தபோது, பதினொன்றில் நாலுதான் மிச்சம்.

போடியில் கட்டிக்கொடுத்த மகள் யாஸ்மின் வந்து பார்த்துவிட்டு அழுதாள். "அத்தாவ ஏம்மா இப்படிப் பாடாப் படுத்துறீக? விட்ருங்க."

"விட்டா அவுக என்ன செய்வாக? செவத்தப் பாத்து உக்காந்திருப்பாக" என்றார் சல்மா. கொஞ்சம் கழித்து, "நான் மட்டும் என்ன செய்வேன், சொல்லு" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டை எடுக்க வந்த சல்மாவின் கையை வாஹித் இறுகப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"தண்ணியா? பாத்ரூமா? வலிக்குதா?"

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார்.

"யாஸ்மினக் கூப்பிடணுமா? மார்க்கெட்ல யாரையும் பாக்கணுமா? எம்மேல கோவமா?"

கடைசிக் கேள்விக்கு அவசரமாக மறுத்தார். அரை மணி நேரம் சல்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பீரோவைத் திறந்து காட்டினார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். எதுவும் இல்லை. கேட்பதற்குக் கேள்வி தீர்ந்துபோய் நின்றார். வாஹித் அவர் கையை விட்டுவிட்டு, போகட்டும் என்பதுபோல் இடது கையை அசைத்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அன்று தட்டு கழுவாமலே கிடந்தது.

மறுநாள் காலை சல்மாவுக்கு உட்காரவே மனமில்லை. அடுப்படியிலேயே நின்றார். வாஹித் தானே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சல்மா எதிரே போய் உட்கார்ந்தார். அன்று எடுத்த சொல் 'கதவு'. 'க' வந்தது. மூன்றாம் நாள் 'கதா' என்றார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்குப் பதினான்கு சொற்கள். அந்த மத்தியானம் வாஹித் சொல்ல வந்தது என்னவென்று சல்மாவுக்கு இன்னும் தெரியாது.