ஐந்து நாள் திறந்து கிடந்த கதவு

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம், ஒன்பது வயதில் ஒரு கதவுக்குக் கட்டை போட மறந்ததும், மறந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாட்டுக்காகச் சிறை போகிற காலம் முடிந்த பிறகு விவரம் தெரிய ஆரம்பித்ததால், எனக்கு வாய்த்த தியாகம் இவ்வளவுதான்.

அபிராமத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மாட்டு வண்டியில் பரமக்குடி போய் ரயில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரம். காசியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து முழுகிவிட்டுப் போகிற அந்தக் கடலை, கூப்பிடு தூரத்தில் இருந்த என் அம்மா பார்த்ததே இல்லை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து, ஒவ்வொரு தை அமாவாசைக்கும் போவதாகப் பேச்சு எழும். முறுக்குச் சுடுவது வரை காரியம் நடக்கும். அதோடு நின்றுவிடும். காரணம் அய்யா, அதாவது என் அப்பா. வீட்டைக் காலியாகப் போட்டுவிட்டு அவரால் தெருமுனை தாண்ட முடியாது.

தாண்டினாலும் திரும்பி வந்துவிடுவார். திரும்பி வருவதில்தான் சங்கடமே இருந்தது. பயணம் புறப்பட்டவர் பாதியில் வீட்டுக்கு வந்தால், வந்த காலோடு போய்விடக் கூடாது. உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சற்று ஆறி, புதிதாகப் புறப்படுகிறவர் போலத்தான் புறப்பட வேண்டும். இந்த வழக்கத்தில் அய்யா ஒரு பிசகும் வர விடமாட்டார். எனக்கு எட்டு வயதான வருடம் கிணற்று வாளியை உள்ளே எடுத்து வைத்தோமா என்று பார்க்கத் திரும்பினார். வாளி உள்ளேதான் இருந்தது. உட்கார்ந்தார், குடித்தார், ஆறினார். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலம் முடிந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அம்மா முறுக்கைத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் அய்யா எட்டு நாள் முன்னதாகவே வீட்டை மூட ஆரம்பித்தார். விதைநெல் இருந்த குலுக்கையின் வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசினார். உலக்கை, ஏணி, மண்வெட்டி எல்லாம் உள்ளே வந்தன. அம்மியைத் தூக்க முடியவில்லை. அதைத் திருடனின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார். பித்தளை அண்டாவை வைக்கோற்போருக்குள் புதைத்து, அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று நாலு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வாசல் கதவுக்குப் பரமக்குடிச் சந்தையில் ஆமை பருமனுக்கு ஒரு பூட்டு வாங்கி, பூட்டி, அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அது தாங்கியது. அம்மா தன் பங்குக்கு, வீடு வெறுமையாக இருக்கக் கூடாதென்று குடத்தில் தண்ணீரும் மரக்காலில் அரிசியும் வைத்தாள்.

கொல்லைக் கதவுக்கு மட்டும் வெளிப்பூட்டு கிடையாது. உள்ளே குறுக்குக் கட்டை போட வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. ஊரில் அன்று என்னை விடப் பெரிய உத்தியோகஸ்தன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விடியும் முன்பே புறப்பட்டோம். வண்டி ஓட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. தெருமுனையில் அய்யா நிறுத்தச் சொன்னார். பூட்டு பூட்டியிருக்கிறதா என்று சந்தேகம். போய்த் தொங்கிவிட்டு, திறந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஊர் எல்லையில் இரண்டாவது சந்தேகம்: அடுப்பில் கங்கு இருக்குமோ. வண்டியே திரும்பியது.

“மச்சான், நீங்க நல்லா ஆறுங்க. நான் பரமக்குடி போயி ரயில்காரனையும் ஒக்கார வச்சு ஒரு செம்பு தண்ணி குடுத்துட்டு வாரேன்” என்றார் மாமா.

“ஒனக்கு ஒரு வீடு இருந்தாத் தெரியும்லே” என்றார் அய்யா, அண்ணாந்து குடித்தபடி.

அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை திரும்பினால் ரயில் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது.

அய்யா ஆறிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் ஒரு பெட்டைக்கோழி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கடமையுணர்வோடு கொல்லைக் கதவின் கட்டையை எடுத்து, கதவைத் திறந்து அதை வெளியே விரட்டினேன். அதற்குள் வாசலில் மாட்டு மணி கிணுகிணுத்தது. வண்டி போய்விடுமோ என்று ஓடி வந்து ஏறிவிட்டேன்.

கண்மாய்க் கரை ஏறும் திருப்பத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் தெரியும். நானும் அம்மாவும் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கொல்லைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அந்தக் கோழி, வாடகை பேசி முடித்த மாதிரி, நிதானமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

என் வாய் திறந்தது. சரியாக அதே நேரத்தில் அம்மா அதில் ஒரு முறுக்கைத் திணித்தாள். முன்னால் இருந்த அய்யாவிடம், “அங்கன பாருங்க, கம்மாயில தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு” என்று எதிர்ப்பக்கம் கை காட்டினாள். அய்யா அறுப்பு வரைக்கும் தண்ணீர் தாங்குமா என்ற கணக்கில் இறங்கிவிட்டார். நான் முறுக்கை மென்று முடிப்பதற்குள் வீடு மறைந்துவிட்டது. சொன்னால் மூன்றாவது செம்பு. பிறகு அம்மாவுக்கு ரயிலும் இல்லை, கடலும் இல்லை. அம்மா இரண்டாவது முறுக்கையும் கொடுத்தாள். சொல்வதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அந்த முடிவின் கம்பீரம் இன்றும் நினைவிருக்கிறது.

பாம்பன் பாலத்தில் ரயில் கடல் மேல் ஊர்ந்தபோது எல்லாரும் கீழே பார்த்தார்கள். நான் மனசுக்குள் கொல்லைக் கதவைப் பார்த்தேன். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு வாளித் தண்ணீர் தலையில் விழும்போதும், விதைநெல்லையும் உலக்கையையும் காப்பாற்றும்படி சாமியிடம் கேட்டுக்கொண்டேன். நடுங்கியது பாதி குளிரில், மீதி பயத்தில். அம்மாவோ கடலைக் கண்டதும் “இம்புட்டா” என்றாள், அவ்வளவுதான். சேலையோடு இறங்கி முழுகினாள். மூன்று முழுக்குப் போதும் என்று அய்யா கரையிலிருந்து சொன்னதை அலை வாங்கிக்கொண்டது. அவள் சிரித்துக்கொண்டே முழுகினாள். இந்தச் சிரிப்பு நான் கொடுத்தது என்று கரையில் நின்றபடி நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது, உப்புத்தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஊர் திரும்பினோம். அய்யா பூட்டைத் திறந்ததும் உள்ளே பாயப் போனேன். அம்மா தடுத்தாள். அடைத்துக் கிடந்த வீட்டில் முதலில் வீட்டுப் பொம்பளை தனியாகப் போய் விளக்கேற்ற வேண்டும்; அதுவரை ஆம்பளைகள் வாசலில் நிற்க வேண்டுமாம். அப்படி ஒரு வழக்கத்தை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அய்யா பயபக்தியோடு நின்றார். விளக்கேற்றக் கொஞ்சம் நேரமானது.

நான் உள்ளே ஓடிப் பார்த்தபோது கொல்லைக் கதவில் கட்டை கச்சிதமாகப் போட்டிருந்தது. ராமேஸ்வரத்துச் சாமி எங்களுக்கு முன்பாகவே வந்து போட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்குத் தெய்வ நம்பிக்கை பிறந்த இடம் அதுதான்.

எதுவும் களவு போகவில்லை. மரக்கால் அரிசி மட்டும் காணோம். நெல் கூடைக்குள் கோழியும் நாலு முட்டையும் இருந்தன.

“பூட்டுன வீட்டுக்குள்ள கோழி எப்புடித்தா வந்துச்சு” என்றார் அய்யா.

“நீங்க பூட்டுறப்ப உள்ளதான் இருந்திருக்கும்” என்றாள் அம்மா.

தண்ணீரும் அரிசியும் வைக்கிற வழக்கத்தை முன்னோர்கள் சும்மா வைக்கவில்லை என்று அய்யா வெகுநாள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தியாகத்தை முப்பது வருடம் பொத்தி வைத்திருந்தேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று முடித்தேன். அம்மா, அய்யா வாசலில் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“எங்க நீ கத்தித் தொலைச்சிருவியோன்னுதானடா ஒன் வாயில முறுக்க வச்சு அடைச்சேன்” என்றாள்.