முதல் இறக்கம்

இன்று காலை வெள்ளிமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு ஜீப் கவிழ்ந்துவிட்டதாம். திருக்கோவிலூர் சித்தி, பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, ஷார்ஜாவிலிருக்கும் எனக்குச் சொன்னாள்.

என் தம்பி பகலவன் கள்ளக்குறிச்சியில் அந்த மலையேறும் ஜீப்புகளுக்கு, பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் குழாய் மாட்டுபவன். கம்பி பின்னிய ஹோஸை வெட்டும்முன் டேப் சுற்றுவான். ஒரு கம்பி பிரிந்திருந்தாலும் மறுபடி வெட்டுவான். மாட்டிய பிறகு மலையேறி, வண்டிக்காரரை மேலேயே இறக்கிவிட்டு, முதல் இறக்கத்தைத் தனியாக ஓட்டுவான்.

"இன்னாப்பா, ஒன் வேல மேல ஒனக்கே சந்தேகமா?" என்று கேலி செய்வார்கள்.

"சந்தேகம் எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க நிம்மதியா ஓட்டுங்க" என்பான்.

நேற்று, நான் இங்கிருந்து அனுப்பிய ஹோஸ் முனை ஃபிட்டிங்கை ஒரு ஜீப்பில் மாட்டும்போது போன் செய்தான். "அண்ணா, மரை பாதியிலயே நிக்குது. அளவு பாத்துதான் வாங்குனியா?"

வேலை அவசரத்தில், "எல்லாம் சரிதான், இறுக்குடா" என்றேன். நான் அளவு பார்க்கவே இல்லை.

அதைக் கழற்றி எறிந்திருப்பான். கட்டாயம் எறிந்திருப்பான். ஆனால் என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

ஏழாவது முறையாக அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.