இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும் என் மனைவியும்

எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். போடியில் ஏலக்காய்க்குத் தரம் பார்க்கிற வேலை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டையின் வாயில் கிடக்கிற காயைப் பார்த்துத் தரம் சொல்கிறவன் எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்க மாட்டான். கையை முழங்கை வரை விட்டு அடியில் கிடப்பதை அள்ள வேண்டும். ஸ்பீக்கர் வாங்கப் போனபோதும் எனக்கு அதே புத்திதான். கடையில் போட்டுக் காட்டுகிற பாட்டு மூட்டை வாய்க் காய். தரை அதிரும், மயங்கி வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து கேட்டால் பாடுகிறவர் குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவார்.

"ரெண்டு ஜோடியையும் குடுப்பா. வீட்டுல கேட்டுட்டு ஒண்ணைத் திருப்பிக் கொண்டாறேன்" என்றேன்.

"அண்ணே, இது என்ன ஏலக்காயா?" என்று கடைக்காரர் சிரித்தார். தெரிந்தவர், கொடுத்துவிட்டார். இரண்டுமே கைக்கு அடக்கமான விலைதான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் காய் பிரிக்கிறவள். கண் அவ்வளவு துல்லியம், காதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எந்த ஜோடி பாடுகிறது என்று தெரியாதபடி எல்லாப் பெட்டிகளையும் வேட்டியால் மூடினேன். வலது மூலையில் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குந்திக்கொண்டு ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டேன்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தாங்க இருக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்லு புள்ள."

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

எரிச்சலோடு அவளை எழுப்பிவிட்டு நானே நடுவில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இரண்டாவது ஜோடியின் இடது பெட்டிக்கு நான் வயரே மாட்டவில்லை. தப்பு என்னுடையது. கோபம் வந்ததோ அவள் மேல்.

"ஒரு பொட்டி செத்துக் கெடக்கு, ரெண்டும் ஒண்ணுங்குற! காது என்ன செவிடா?"

"ஆமாங்க" என்றாள். "இடது காது கேக்கல. ரெண்டு வருசமாச்சு."

காய் சலிக்கிற மிஷினை ஒட்டிய இடம் அவளுடையது. நாள் பூராவும் அந்தக் கடகடப்பு அவளுக்கு இடது பக்கம். நான் தினமும் போய் வருகிற கிட்டங்கிதான் அது. கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டாயா என்று இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை கத்தியிருப்பேன்! வெட்கமாக இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாளே சோலிய நிப்பாட்டிருவீக. அங்க போனாத்தான் நாலு மனுசரப் பாக்குறேன்."

எழுந்து போய் வயரை மாட்டினேன். அவள் வலது காது ஸ்பீக்கர்களைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பிடித்த பாட்டைச் சொல்லச் சொன்னேன். வேலை நேரத்தில் போனில் கேட்கிற ஒரு பாட்டைச் சொன்னாள். காது போன பிறகு வந்த பாட்டு. வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டித்தான் அதைக் கேட்டிருக்கிறாள். ஒற்றை இயர்போனில் பாட்டின் ஒரு பக்கத்து வாத்தியங்கள்தான் வரும், மறுபக்கத்தவை இடது இயர்போனோடு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாது.

பாட்டு ஓடியது. சரணத்துக்கு முன்னால் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"ஏங்க, இது வேற பாட்டு. இதுல புல்லாங்குழல் வருது!"

"அதே பாட்டுதான் புள்ள."

"போங்க, தெனம் கேக்குறேன், எனக்குத் தெரியாதா? அதுல குழலே கெடையாது" என்று சிரித்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.