கொசுவலையில் சலித்த கிளிஞ்சல் மேடு

1. மூடச் சொன்ன காலை

என் பொறுப்பில் விடப்பட்ட முதல் அகழாய்வு டிரெஞ்ச் அது. கல்பாக்கத்துக்கு வடக்கே, கழிமுகத்தை ஒட்டிய மேடு. மேலே ஒரு முழத்துக்குக் கிளிஞ்சல் லேயர். அதற்கடியில் மான் எலும்பும் பழங்காலக் கல் கருவிச் சில்லுகளும். கடல் நெருங்கிக் காடு விலகியதும், மான் தின்றவர்கள் மட்டி தின்னத் தொடங்கினார்கள் என்று நினைத்தேன். டைரக்டர் மேடம் அப்படி நினைக்கவில்லை.

"இது சுண்ணாம்புக் காளவாய்க்காரங்க குவிச்ச கிளிஞ்சல், தம்பி. போட்டோ எடுத்துட்டு சாயங்காலம் மூடிடுங்க. திங்கட்கிழமை லேஅவுட்காரர் ஜேசிபி கொண்டுவர்றார்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜேசிபி வந்துவிட்டால் அந்த மேட்டிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

காளவாய்க்குக் கிளிஞ்சல் எடுப்பவர்கள் கூடையோடு அள்ளுவார்கள், பெரிசு பொடிசு எல்லாம் வரும். தின்பதற்குப் பொறுக்குகிறவர்கள் சதையில்லாத பொடிசைத் தொடமாட்டார்கள். எங்கள் சல்லடையில் பொடிசு நிற்கவில்லை. ஆனால் அதன் கண் பெரியது. பொடிசு இல்லையா, விழுந்துவிட்டதா?

ஓடிப்போய் என் கொசுவலையை எடுத்துவந்து நான்காக மடித்துச் சல்லடை மேல் கட்டினேன். மண் எடுக்கும் எல்லம்மாக்கா சிரித்தார்.

"இன்னா சாரே, கொசுவலைல மண்ண சலிச்சிகினு கீற? இன்னிக்கி கொசு உன்னத்தான் சலிக்கப் போவுது."

"ஊத்துக்கா, தண்ணி ஊத்து."

2. வலையில் நின்றது

பொடி மட்டி ஒன்றுகூட இல்லை. மட்டிகளின் ஓரம் தீயில் கருகியிருந்தது. லேயரில் மேலே போகப்போக மட்டி சிறுத்தது, பெரிசெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். சிறுத்த இடத்தில் வலையில் கடுகளவு மீன் முள்ளெலும்புகள் நின்றன; மட்டி குறைந்ததும் மீனுக்கு மாறியிருக்கிறார்கள்.

மேடம் அவற்றைக் கையில் வைத்துப் பார்த்தார். "காளவாயில மீன் சுடமாட்டாங்க" என்றார். பிறகு லேஅவுட்காரருக்கு போன் போட்டார். ஒரு வாரம் கிடைத்தது. மழையில் பாதி போனது.

அந்த ஞாயிறு படூரில் வீட்டிலிருந்தேன். அம்மாவுக்கு சிறுசேரி ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கேன்டீனில் மிஞ்சிய பாஸ்தாவைக் கொண்டுவந்து, நெத்திலிக் குழம்பு ஊற்றி அப்பாவிடம் நீட்டினார்.

"இன்னாடி இது, புழு மாரி கீது?"

"நீ நட்ட வயலு பிளாட்டாயி எத்தினி வருசமாவுது? துன்னுய்யா."

அப்பா தட்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு வாய் வைத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மூடுவதற்கு முன் சன்னக் கண்ணில் ஒருமுறை சலியுங்கள். ரிப்போர்ட்டில் 'உணவை மாற்றிக்கொண்டனர்' என்று எழுதும்போது, முதல் மட்டியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தயங்கியிருப்பார் என்பதை நினையுங்கள். எவ்வளவு சன்னமான வலையிலும் அந்தத் தயக்கம் நிற்காது.